பித்தளை உருண்டை

போன வருஷம் ஜூன் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் மில்லில் பதினொரு பேருக்கு வேலை போயிற்று. பதினொரு பேரும் தறிக்கூடத்து ஆண்கள். பதினொரு பேரும் நெசவாளி வேட்பாளர் கிராப்ட்ரீக்கு ஓட்டுப் போட்டவர்கள். அவர்களில் ஒருவன் என் அண்ணன் ஜேபஸ்.

வேலை போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. முதலாளியின் மருமகன் லோமாக்ஸ் நாற்பது ஓட்டில் தோற்றிருந்தார். அந்தப் பதினொரு பேர் யாருக்குப் போட்டார்கள் என்று முதலாளிக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் ஆச்சரியம். ஜேபஸ் தன் மனைவி ஸில்லாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ஏழு வருஷங்களுக்கு முன், எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, ஊர் ஊராகப் போய்க் கொதிகலன்களின் அடைப்பைப் பிடுங்கி வடக்கில் இருந்த எல்லா மில்களையும் நிறுத்தினோம். எங்களைச் சுட வந்த சிப்பாய்கள் பாலத்தில் துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டி தின்றார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே லண்டனில் நாங்கள் கேட்ட மக்கள் சாசனம் சட்டமாயிற்று. சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபத்தொரு வயதான ஒவ்வொரு ஆணுக்கும் ஓட்டு. வருஷா வருஷம் தேர்தல். யாருக்குப் போட்டோம் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் உருண்டைப் பெட்டி.

பெட்டியின் படமும் அளவுகளும் சட்டத்தோடு சேர்த்தே அச்சாகியிருக்கின்றன. மேலே இரண்டு துளைகள், வேட்பாளருக்கு ஒன்று. ஓட்டுப் போடுகிறவன் கையில் அதிகாரி ஒரு பித்தளை உருண்டையைக் கொடுப்பார். அவன் பெட்டிக்குப் பின்னால் போய் நிற்பான். மார்பு உயரத்துக்கு ஒரு பலகை அவன் கைகளை மறைக்கும். உருண்டை எந்தத் துளையில் விழுகிறதோ அதற்குரிய பல்சக்கரம் பூட்டிய பெட்டிக்குள் ஒரு பல் நகரும். பிறகு உருண்டை முன்பக்கத்து ஒரே வாய் வழியாக வெளியே வந்து அடுத்த ஆளுக்குப் போகும். முகத்தை மட்டும் மறைக்கக் கூடாது. பெட்டியை யாரும் நோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா.

பதினொரு பேரும் நீதிபதியிடம் போனார்கள். ஓட்டுக்காக ஆளை நீக்குவது குற்றம். முதலாளி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓட்டு ரகசியமானது, இவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பணிவாகக் கேட்டார். நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது. வழக்கு கால் மணி நேரத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு ஊர் ஏமஸ் டெட்லோவைப் பார்த்தது. ஏமஸ் கடிகாரக்காரர். எங்கள் ஊர் ஹேஸ்லோவின் உருண்டைப் பெட்டியைச் செய்தவரும் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். பெட்டிக்குள் ஏதோ வைத்து முதலாளிக்குச் சொல்லிவிட்டார் என்று பேச்சு. யாரோ அவர் கடைக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். அது யார் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன்தான்.

ஜேபஸ் ஒன்பது மாதம் ரோட்டுக்குக் கல் உடைத்தான். மார்ச் மாதத்தில் மேஸ்திரி ராம்ஸ்டன் அவனைக் கூப்பிட்டுப் பழைய நான்கு தறிகளையும் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது, இந்த வருஷம் கொஞ்சம் யோசித்துப் போடு என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதைவிட அதிகமாகச் சொல்லத் தேவையும் இல்லை.

அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். இந்த ஜூனில் ஓட்டுப்போடவே போக மாட்டேன் என்று ஸில்லாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். அவனைப் போலவே தறிக்கூடத்தில் பாதிப் பேர். பத்து மணி நேர வேலைச் சட்டம் போன வருஷம் லண்டனில் மூன்று ஓட்டில் தோற்றிருந்தது. இந்த வருஷம் ஹேஸ்லோவில் கிராப்ட்ரீ தோற்றால் அது இன்னும் தள்ளிப் போகும். இதெல்லாம் ஜேபஸுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாலத்தில் எனக்கு முன்னால் நின்றவன் அவன். இப்போது அரசியல் பேச்சு வந்தால் எழுந்து கோழிகளைப் பார்க்கப் போய்விடுகிறான். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

தேர்தலுக்குப் பதினேழு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் ஏமஸின் கடைக்குப் போனேன்.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று நான் நம்பினேன். காரணம் கேட்டால் ஒன்றுதான். தாமதமாக ஓடும் கடிகாரத்தைச் சரியாக ஓடுகிறது என்று சொல்லி அவர் யாருக்கும் விற்றதில்லை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்ததால் கடைக்குள் இருட்டாக இருந்தது. பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. அதன் குடல் முழுவதையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்.

"நூறு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன்" என்றார். "இதுக்குள்ள சக்கரத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. நீயும் வேணா பாத்துக்க."

பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு நான் யோசித்து வைத்திருந்த இரண்டு விஷயங்களைச் சொன்னேன். கிராப்ட்ரீயின் கொடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனவர்கள் யாருக்கும் வேலை போகவில்லை. அவர்களை நீக்கியிருந்தால், அது ஓட்டுக்காகத்தான் என்று நீதிபதி நம்பியிருப்பார். அடுத்தது, நூற்புக்கூடத்திலும் கிராப்ட்ரீக்கு நிறையப் பேர் போட்டிருப்பார்கள். அங்கே ஒருவனுக்கும் வேலை போகவில்லை. பெட்டி காட்டிக்கொடுத்திருந்தால் எல்லோரையும்தானே காட்டிக்கொடுத்திருக்கும்? தறிக்காரர்களை மட்டும் ஏன்?

ஏமஸ் தாடையைத் தடவினார். சத்தமாக இருக்குமோ என்றார். இரண்டு துளைகளில் உருண்டை ஓடும் சத்தம் வேறு வேறாக இருந்து, காது கூர்மையான யாராவது கேட்டிருந்தால்? பரீட்சை செய்து பார்க்கலாம் என்றேன். பெட்டியைத் திரும்பப் பூட்டினார். நான் பின்னால் நின்று இருபது தடவை போடுவது, எதில் போட்டேன் என்று ஒரு சிலேட்டில் குறித்துக்கொள்வது, அவர் முன்பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டுச் சொல்வது.

உருண்டை கையில் கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. நான் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

இருபதில் ஒன்பது சரியாகச் சொன்னார்.

"காதைப் பொத்திக்கிட்டுச் சொல்லியிருந்தா பத்து வந்திருக்கும்" என்றார்.

இன்னொரு தடவை செய்யலாம் என்று ஆரம்பித்தோம். ஏழாவதோ எட்டாவதோ உருண்டை போடும்போது கதவு திறந்தது. ஸில்லா. கடைசிக் குழந்தை இடுப்பில். அண்ணனைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்று என்னை முறைத்தாள்.

"நம்ம ஜேபஸ் இங்க வந்தானா? இந்த ஆளுகூட உனக்கு என்னடி பேச்சு? அதுவும் லோமாக்ஸுக்குப் போட்டு விளையாடிக்கிட்டு."

நான் அப்போதுதான் லோமாக்ஸின் துளையில் போட்டிருந்தேன். என் கைக்கு முன்னால் பலகை இருந்தது.

"லோமாக்ஸுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான சொன்ன."

"நான் வாயே திறக்கலையே."

"சத்தம் போடல. ஆனா சொன்ன."

ஏமஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. அவர் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர் இல்லை.

எங்கள் கூடத்தில் முந்நூறு தறிகள் ஒரே கூரைக்குக் கீழே ஓடுகின்றன. பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் எட்டு வயதில் உள்ளே போகும் பிள்ளை எட்டரை வயதுக்குள் உதட்டால் பேசவும் அடுத்தவர் உதட்டைப் படிக்கவும் கற்றுக்கொள்ளும். கொஞ்ச நாளில் அது பழக்கமாகிவிடும். கணக்குப் போட்டாலும் ஜெபித்தாலும் யாரையாவது மனதுக்குள் திட்டினாலும் உதடு தானாக அதைச் சொல்லும். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைப்பது இதனால்தான். எங்களுக்கே அது தெரிவதில்லை.

ஸில்லாவை உள்ளே உட்கார வைத்து இருபது உருண்டை போட்டேன். இருபதையும் சரியாகச் சொன்னாள். லோமாக்ஸ் என்றால் உதடு குவிந்து மூடித் திறக்கிறதாம். கிராப்ட்ரீ என்றால் கடைசியில் பல் தெரிகிறதாம்.

"ஓட்டுப்போடற இடத்துல எதிர் பெஞ்சுல யாரு உக்காந்திருந்தா?" என்று கேட்டேன்.

ஏமஸ் மெதுவாகச் சொன்னார். கட்சிக்கு ஒரு ஆள். கிராப்ட்ரீக்காகச் செருப்புத் தைக்கிற நாதன். லோமாக்ஸுக்காக மேஸ்திரி ராம்ஸ்டன். மடியில் வாக்காளர் பட்டியல், கையில் பென்சில்.

ராம்ஸ்டன் மேஸ்திரி ஆவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டியவர். வரிசையில் நின்ற தறிக்காரர்கள் முன்னால் போனவனின் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். முகத்தைப் பார்த்த இருவரில் உதடு படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஸில்லா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். ஒன்பது மாதம் கல் உடைத்தானே, வாயால கெட்டானா என்று கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஜேபஸைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவன் ஏமஸின் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னல் அட்டையையும் பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னபோது நம்பவில்லை. பத்து உருண்டை போடச் சொன்னோம். ஸில்லா பத்தையும் சொன்னாள்.

"வாயை மூடிக்கிட்டுப் போடறேன்" என்றான். மூடினான். தாடை அசைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். மூன்று உருண்டை வரை ஞாபகம் இருந்தது, நான்காவதில் விட்டுவிட்டான். ஒரு பேரைச் சொல்லி இன்னொன்றில் போடு என்றேன். வாய் லோமாக்ஸ் என்றது, கையும் லோமாக்ஸின் துளைக்கே போனது. இரண்டு முறை கிராப்ட்ரீக்குப் போக வேண்டியது மாறி விழுந்தது. அப்படி நடந்தால் கிராப்ட்ரீயை நாங்களே தோற்கடித்துவிடுவோம் என்று ஏமஸ் சொன்னார். ஜேபஸ் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

பெட்டிக்கு மேல் ஒரு திரை போடலாம் என்று ஏமஸ் தேர்தல் அதிகாரிக்கு எழுதினார். நான்கு நாளில் பதில் வந்தது. சட்டத்தில் அச்சான படத்தில் திரை இல்லை. ஒரு கோடு கூட்ட வேண்டுமானாலும் பார்லிமெண்ட் கூடித்தான் கூட்ட வேண்டும்.

அந்தப் பதில் வந்த வியாழக்கிழமை நான் சிலேட்டுக் குறிப்புகளைத் தாளில் எழுதி வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேபஸின் முப்பத்து நான்காவது உருண்டைக்கு நேராக மட்டும் பதில் இல்லாமல் வெறும் கோடு இருந்தது. ஸில்லா அதற்குப் பதில் சொல்லவே இல்லை. ஏன் என்று அவளிடம் போய்க் கேட்டேன்.

"அதுவா? அப்பதான் கோழிக்கூடு ஞாபகம் வந்துச்சு. மூடினியான்னு கேட்டேன். மூடிட்டேன்னான். அதுக்குள்ள போட்டுட்டான். எனக்குப் பேரு தெரியல."

கடை மூலையில் தூங்கிய குழந்தைகளுக்காக உதட்டால்தான் கேட்டிருந்தாள். அவனும் உதட்டால்தான் பதில் சொல்லியிருந்தான். ஒரு வாயால் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுத்தான் பேச முடியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி பரீட்சை. ஒவ்வொரு உருண்டைக்கும் நான் ஒரு கேள்வி கேட்டேன். ஜேபஸ் பதில் சொல்லிக்கொண்டே போட்டான். ஸில்லா ஊகித்தாள். இருபதில் பதினொன்று. இன்னொரு இருபதில் எட்டு. கை மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கேள்விக்கும் கைக்கும் சம்பந்தம் இல்லாததால் இருக்கலாம். ஏமஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார். எனக்குக் காது சூடாயிற்று.

ஆனால் பெட்டிக்கு எதிரில் நின்று கேள்வி கேட்பது யார்? ஓட்டு நடப்பது ஜெபக்கூடத்தில். அங்கே பெஞ்சுக்கு மேலே, பெட்டிக்கு நேர் எதிரே, மேல்மாடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் பேசக் கூடாது என்பது சட்டம். அது எப்போதும் காலியாகவே கிடக்கும். தறிக்கூடத்து ஆண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓட்டுப்போட விடுப்பு. அதே ஒரு மணி நேரத்தில் பெண்கள் வீட்டுக்கு ஓடி அடுப்பு மூட்ட வேண்டும். ஓட்டு இல்லாதவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று நாங்களும் போனதில்லை.

சனிக்கிழமை ஊர்க் கூட்டம். பெட்டியை ஒழித்துவிட்டுக் கைதூக்கும் முறைக்குத் திரும்ப லண்டனுக்கு எழுத வேண்டும் என்பது தீர்மானம். முதலாளிக்கு எப்படியும் தெரியப்போகிறது, எல்லாக் கைகளும் ஒன்றாகத் தூக்கட்டும் என்றார்கள். உண்மையை அங்கே சொல்ல முடியாது. இருநூறு பேர் காதில் விழுந்தது ராத்திரிக்குள் ராம்ஸ்டன் காதுக்குப் போய்விடும். ஏமஸ் எழுந்தார். இன்னும் ஒரே ஒரு ஜூன் கொடுங்கள், இந்தத் தடவை ஒருவனுக்கு வேலை போனாலும் பெட்டியை நானே சந்தையில் வைத்துச் சுத்தியலால் உடைக்கிறேன் என்றார். பின்னாலிருந்து ஒருவர், உன் தலையையும் கூட வை என்றார். கைதூக்கி எண்ணினார்கள். ஒன்பது கை அதிகமாக இருந்ததால் பெட்டி பிழைத்தது. அந்த ஒன்பதில் ஒன்று ஜேபஸின் கை.

ஓட்டுப்போட வருவேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. ஸில்லாவும் சத்தியத்தைத் திருப்பித் தரவில்லை. பரீட்சை வேறு, பிள்ளைகள் வேறு என்றாள்.

பெண்களிடம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த கஷ்டம். கூடத்தில் உதட்டால் சொன்னால் ராம்ஸ்டன் படித்துவிடுவார். வெளியில் குரலால் பேசினால் தெருவுக்கே கேட்கும், ஏனென்றால் நாங்கள் பாதிச் செவிடுகள், கத்தித்தான் பேசுவோம். கடைசியில் ஞாயிறு பள்ளி முடிந்ததும் பில்பெரிப் பழம் காய்த்திருக்கிறதா பார்க்கப் போவதாகச் சொல்லி நாற்பத்து மூன்று பேர் மலைமேட்டுக்குப் போனோம். ஜூன் மாதத்தில் பழம் காய்க்காது. யாரும் கேட்கவில்லை. அங்கே ஆடுகளுக்கு நடுவில் நின்று நான் கத்தினேன். இருபத்து மூன்று வருஷத்தில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பெண் என்று பிரித்தோம். மனைவி, அம்மா, அக்கா, இல்லாதவர்களுக்கு யாராவது. ஆண்களுக்குச் சொன்னது ஒன்றுதான். பெட்டிக்குப் பின்னால் நின்றதும் மேலே பாருங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

"எங்க வீட்டுக்காரன் நான் கேட்டதுக்கு இருபது வருஷமா பதில் சொன்னதில்ல" என்றாள் ஒருத்தி.

"அப்ப அவன் ஓட்டு போச்சு" என்றாள் இன்னொருத்தி.

புதன்கிழமை தேர்தல். மத்தியான மணி அடித்ததும் ஆண்கள் ஜெபக்கூடத்துக்குப் போனார்கள். நாற்பத்து மூன்று பெண்கள் மரக்காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மேல்மாடப் படி ஏறினோம். அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் புகை வரவில்லை.

அதிகாரி தெற்கத்திக்காரர், வயதானவர், வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்து, அமைதியாக இருக்க வேண்டும் என்றார். தலையாட்டினோம். கீழே பெஞ்சில் ராம்ஸ்டனும் நாதனும் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஏமஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சாவியோடு நின்றார்.

முதல் தறிக்காரன் உருண்டையை வாங்கிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனான். மேலே பார்த்தான். அவன் அம்மா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மழை வந்தால் குத்துகிறது என்றான். உருண்டை முன்பக்கம் வந்து விழுந்தது. ராம்ஸ்டனின் பென்சில் பட்டியலுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

அடுத்தவனிடம் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டார்கள். அதற்கடுத்தவனிடம் இரவல் வாங்கிய ஏணியைப் பற்றி அவன் மாமியார் கேட்டாள். அவன் சொன்ன பதில் நீண்டுகொண்டே போனதால், உருண்டை சிக்கிக்கொண்டதா என்று அதிகாரி விசாரித்தார். எனக்குக் கொடுத்த ஆள் கல்யாணமாகாதவன். பைபிள் வகுப்பில் இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டேன். அதைச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை என்னோடு மலைக்கு வருகிறாயா என்று கேட்டான். உருண்டை விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஸில்லா என் விலாவில் இடித்தாள். கீழே ஏமஸுக்கு உதடு படிக்கத் தெரியாது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

பத்துப் பன்னிரண்டு பேர் போனதும் ராம்ஸ்டன் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம். திரும்பிக்கொண்டார். அடுத்தவன் மேலே பார்த்து, முள்ளங்கி இன்னும் விதைக்கலை என்றான். ராம்ஸ்டன் எழுந்தார்.

"ஐயா, மேல இருக்கற பொம்பளைங்க பேசறாங்க."

அதிகாரி காதைச் சாய்த்தார். ஜெபக்கூடத்தில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"சத்தமில்லாம பேசறாங்க ஐயா. வாயால."

"சத்தமில்லாம எப்படிப் பேசறது? சரி, என்ன பேசறாங்க?"

ராம்ஸ்டன் வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். நான் மாடத்துக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உதட்டைப் படிக்கத் தெரியும் என்று அவர் சொல்லலாம். சொன்னால் போன வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எதைப் படித்தார் என்ற கேள்வி வரும். வரிசையில் நிற்கிற தறிக்காரர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்புத் தைக்கிற நாதனுக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவர் மெதுவாகத் திரும்பி ராம்ஸ்டனைப் பார்த்தார். எதையோ அப்போதுதான் தைத்து முடித்தவர் போல இருந்தது அவர் முகம்.

"சொல்லுங்க மேஸ்திரி" என்றார் நாதன். "என்ன பேசறாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியல" என்றார் ராம்ஸ்டன். உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல ஐயா."

அதற்கப்புறம் அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஜேபஸ் வரவில்லை. ஸில்லா கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஆறு நிமிஷம் இருக்கும்போது அவள் எழுந்து போனாள். மரக்காலணிகளை என் காலடியிலேயே விட்டுவிட்டு, வெறும் கால் உறையோடு படி இறங்கினாள்.

மூன்று நிமிஷம் இருக்கும்போது மூச்சிரைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கால் உறையெல்லாம் சேறு. கீழே கதவு வழியாக ஜேபஸ் உள்ளே வந்தான். எதிர்த் தெருவில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தானாம். சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அவள் உதட்டால் எனக்குச் சொன்னாள்.

அவன்தான் கடைசி ஆள். அதிகாரி உருண்டையைக் கொடுத்தார். பெட்டிக்குப் பின்னால் போய் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. ராம்ஸ்டன் பென்சிலைத் தொடாமல் அவனையே பார்த்தார்.

ஸில்லா முன்னால் குனிந்தாள்.

கோழிக்கூட்டை மூடினியா?

ஜேபஸ் ஒரு கணம் விழித்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தான். சிரிக்கிற வாயில் எந்தப் பேரையும் படிக்க முடியாது. மறந்துட்டேன் என்று கடைசியில் சொன்னான். உருண்டை முன்பக்கம் வந்து விழுந்தது.

சாயங்காலம் ஏமஸ் பெட்டியைத் திறந்து அதிகாரியிடம் சக்கரங்களைக் காட்டினார். கிராப்ட்ரீ நூற்று எட்டு ஓட்டில் ஜெயித்திருந்தார். சந்தையில் பீர்ப் பீப்பாய் திறந்தார்கள். நாங்கள் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினோம். கோழிகளில் ஒன்றை நரி கொண்டுபோயிருந்தது. அவன் நிஜமாகவே மறந்திருக்கிறான்.

ஆனால் எனக்கு அது முடிவாகத் தெரியவில்லை. போன வருஷமும் ஜெயித்தோமே. மூன்றாம் நாள் சனிக்கிழமை. மணி அடித்து உள்ளே போனோம். ராம்ஸ்டன் கையில் பட்டியலோடு மேடையில் நின்றார். தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. யாரையும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமையும் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுவதும் முந்நூறு தறிகளும் ஓடின. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜேபஸ் துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏமஸின் கடைக்குப் போனான். இருவரும் சேர்ந்து பொருத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல், நான் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு ஊடை நூல் மாற்றிக்கொண்டிருந்தேன். நான்கு தறிகளுக்கு அப்பால் ஜேபஸ் கையாட்டினான்.

பரீட்சைக்கு எத்தனை உருண்டை போட்ட? என்று உதட்டால் கேட்டான்.

நாற்பதுக்கு மேல இருக்கும் என்றேன்.

ஒண்ணுகூடக் கணக்குல சேரலையே. கிராப்ட்ரீகிட்ட நேத்து கேட்டேன். பொம்பளைங்களுக்கும்னு ஒரு மனு எழுதினா லண்டனுக்கு எடுத்துட்டுப் போறேன்னாரு. யாரு எழுதறதுன்னு கேட்டாரு. எங்க வீட்டுல ஒருத்தி கணக்கா எழுதுவான்னேன்.

பதில் சொல்வதற்குள் அவன் கண் என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். ராம்ஸ்டன் நடைவழியில் நின்று எங்கள் இருவரின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு படித்தார் என்று தெரியவில்லை.

கையால் வாயை மறைத்துக்கொள்ளத் தோன்றியது. மறைக்கவில்லை. நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி எடுத்தேன். பிறகு அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு எழுத்தாக, அவர் படிக்கும்படி சொன்னேன்.

"அடுத்த ஜூன்ல நானும் வருவேன், மேஸ்திரி."

நாடாவைத் தறியில் வைத்துப் பிடியைத் தள்ளினேன்.